போஸ்ட்டாக் போகும்போது பணம் யாருடையது? மூன்று வழிகளின் ஒப்பீடு

பெங்களூரில் ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ், ஜக்கூர் ஜேஎன்சி, ராமன் ஆய்வு நிறுவனம் என எங்கே போனாலும், பிஎச்டி தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர்கள், போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) என்றதும் முதலில் கேட்பது நாட்டைப் பற்றித்தான். அமெரிக்காவா, ஜெர்மனியா, ஜப்பானா? கேள்வி நியாயமானது, ஆனால் அதில் தொடங்கினால் முடிவெடுக்கத் தேவையான பாதி விஷயம் கண்ணில் படாது. உங்கள் சம்பளம் பேராசிரியரின் கிராண்டிலிருந்து (ஆய்வுக்கென அவர் பெற்ற நிதி) வருகிறதா, உங்கள் பெயரிலேயே கிடைத்த ஃபெல்லோஷிப்பிலிருந்து வருகிறதா, அல்லது பல்கலைக்கழகம் தரும் ஒப்பந்தப் பணியா என்று முதலில் பாருங்கள். எத்தனை ஆண்டு நிம்மதியாக வேலை செய்யலாம், எந்த ஆய்வை உங்களுடையது என்று கையோடு கொண்டுபோகலாம், லேபில் பிணக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஃபெல்லோஷிப்களின் வாசல் உங்கள் பிஎச்டி தேதியிலிருந்து எண்ணப்படும். ஐரோப்பிய உயிர் அறிவியல் அமைப்பான எம்போவின் ஃபெல்லோஷிப்புக்கு பிஎச்டி முடித்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உயிர் அறிவியலுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான எச்எஃப்எஸ்பிக்கு 3 ஆண்டு, ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையின் போஸ்ட்டாக் பிரிவுக்கு 4, ஜப்பானின் ஆய்வு நிதி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு 6. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி ஃபெல்லோஷிப்பில் பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது. வைவா (தீசிஸ் வாய்மொழித் தேர்வு) முடிந்ததும் அதே லேபில் ஆர்ஏவாக (ஆய்வு உதவியாளராக) ஒன்றரை ஆண்டு தங்கி மிச்சமிருந்த பேப்பரை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்பவர்களுக்கு எம்போ வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். பேப்பரை முடிப்பது நல்லதுதான், ஆனால் அதை வைவாவுக்கு முன்பே முடிப்பது பல மடங்கு நல்லது.

பேராசிரியரின் கிராண்ட்

அமெரிக்க போஸ்ட்டாக் இடங்களில் பெரும்பாலானவை இந்த வகை. விளம்பரமே வராமல், ஒரு மின்னஞ்சலில் தொடங்கி, ஒரு ஜூம் செமினார், லேப் உறுப்பினர்களோடு பேச்சு, மூன்று பரிந்துரைக் கடிதம் என்று சில வாரங்களில் முடிந்துவிடக்கூடியது. விரைவுதான் இதன் பெரிய பலம். பலவீனம், ஆஃபர் கடிதத்தில் ஓராண்டுக்குத்தான் பணி என்று எழுதி, 'நிதி இருந்தால் நீட்டிக்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள முடியும், பலர் பார்ப்பதில்லை.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தளத்தில் பேராசிரியரின் பெயரை இடுங்கள். அவர் கையில் உள்ள ஒவ்வொரு என்ஐஎச் கிராண்டும், அதன் எண்ணும், திட்டம் முடியும் தேதியும் வரும். ஆர்01 என்ற முக்கிய வகை கிராண்ட் பொதுவாக 4 அல்லது 5 ஆண்டுக்கானது. நீங்கள் சேரப்போகும் மாதத்துக்குப் பிறகு அதில் 9 மாதம்தான் பாக்கி, வேறு கிராண்டும் இல்லை என்றால், புதுப்பித்தல் விண்ணப்பம் போட்டாயிற்றா, மதிப்பெண் வந்ததா என்று நேர்காணலில் கேட்டே ஆக வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். கேட்காதவரைவிடக் கேட்பவரைத்தான் அங்கே விவரமானவர் என்று நினைப்பார்கள். 2025இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி பல இடங்களில் நிறுத்தப்பட்டதும் தாமதமானதும் இந்தக் கேள்வியை இன்னும் அவசியமாக்கியிருக்கிறது. இதே தேடலை ஜெர்மனிக்கு அந்நாட்டு ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜியின் கெப்ரிஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கார்டிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், ஜப்பானுக்கு காகென் தளங்களில் செய்யலாம். ஐரோப்பிய ஆய்வுக் குழுவான ஈஆர்சியின் கிராண்ட் பொதுவாக 5 ஆண்டுக்கானது. அது கிடைத்த முதல் ஆண்டிலேயே லேபில் சேர முடிந்தால், ஐரோப்பாவில் அதைவிட உறுதியான பிஐ (லேபை நடத்தும் பேராசிரியர்) நிதி அரிது.

சம்பளம்: என்ஐஎச் அறிவிக்கும் என்ஆர்எஸ்ஏ என்ற உதவித்தொகை அளவை உயிர் அறிவியல் துறைகளில் பல பல்கலைக்கழகங்கள் அடித்தளமாக வைத்துக்கொள்கின்றன. 2025 நிதியாண்டில் அனுபவம் இல்லாதவருக்கு அது ஆண்டுக்கு 62,232 டாலர், அதாவது மாதம் வரிக்கு முன் சுமார் 5,186 டாலர். பாஸ்டனிலோ சான் பிரான்சிஸ்கோ பக்கமோ ஒரு படுக்கையறை வீட்டு வாடகையே இதில் பாதியைத் தின்றுவிடும். மத்திய மேற்கு மாநிலத்து ஊர் ஒன்றில் இதே தொகையில் குடும்பமே நடத்தலாம். எனவே ஆஃபர் தொகைகளை ஒப்பிடும்போது, வாடகையும் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கும் கழித்த பிறகு நிற்கும் தொகையை ஒப்பிடுங்கள்.

விசாவில் இப்போதைக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாதான் நடைமுறை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவருக்கான எச்-1பி வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட பிறகு, அந்த வழியில் போஸ்ட்டாக் எடுக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனம் வராது. ஜே-1 பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஆய்வாளர் பிரிவில் அதிகபட்சம் 5 ஆண்டு. இரண்டு, 14 மாதத்தில் திட்டத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினால் மீதி ஆண்டுகள் போய்விடும், அடுத்த 24 மாதத்துக்கு அதே பிரிவில் மறுபடி நுழைய முடியாது. லேப் மாற வேண்டுமென்றால் அங்கே இருக்கும்போதே அடுத்த பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று, 'இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும்' என்ற நிபந்தனை. எந்த நாட்டவருக்கு இது பொருந்தும் என்று அமெரிக்க அரசு வெளியிடும் திறன் பட்டியலில், 2024 டிசம்பரில் வந்த புதிய வடிவில், இந்தியா இல்லை, ஆகவே பேராசிரியரின் கிராண்டில் போகும் பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லை நீங்கியது. ஆனால் இந்திய அரசோ அமெரிக்க அரசோ உங்கள் பரிமாற்றத்துக்கென்றே நேரடியாக நிதி தந்தால், ஃபுல்பிரைட்-நேரு போல, நிபந்தனை அப்படியே ஒட்டிக்கொள்ளும். பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் குழம்புவோர் இதில் அதிகம்.

வரி விஷயத்திலும் ஒரு கண்ணி உண்டு. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு ஆய்வாளர்களுக்கு 2 ஆண்டு வருமான வரி விலக்கு தருகிறது. இரண்டு ஆண்டைத் தாண்டித் தங்கினால் முன்பு கட்டாமல் விட்ட வரியும் சேர்ந்து தலைமேல் வரக்கூடும். மூன்று ஆண்டு தங்கும் எண்ணம் இருந்தால், முதல் மாதமே பல்கலைக்கழக வரி அலுவலகத்தில் கேட்டு முடிவெடுங்கள், அல்லது அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

ஒப்பந்தப் பணி: ஜெர்மனி, பிரிட்டன்

ஜெர்மன் பல்கலைக்கழக போஸ்ட்டாக் பெரும்பாலும் மாநில அரசுப் பணியாளருக்கான டிவி-எல் ஊதிய அட்டவணையில் ஈ13 நிலையில் வரும். 2025இல் முதல் படியில் மாதம் 4,600 யூரோவுக்குச் சற்று மேல், முழு நேரப் பணிக்கு. தனியாளுக்கு வரியும் காப்பீடுகளும் போகக் கையில் ஏறக்குறைய 62 சதவீதம் நிற்கும். பிஎச்டிக்குப் பிந்தைய அனுபவத்தை ஏற்றுக்கொண்டால் இரண்டாம், மூன்றாம் படியில் வைப்பார்கள், எனவே சேரும் முன்பே பணிச் சான்றிதழ்களைப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பிக் கேளுங்கள். சேர்ந்த பிறகு படியை மாற்றுவது கடினம். விளம்பரத்தில் '75 சதவீதம்', '50 சதவீதம்' என்று இருந்தால் சம்பளமும் அந்த விகிதம்தான், வேலை மட்டும் முழு நாள் நடக்கும். இதில் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானது: மருத்துவக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு, போதிய மாதங்கள் பங்களிப்பு செலுத்தியிருந்தால் வேலையில்லாக் கால உதவி, துணைவருக்கு வேலை செய்யும் உரிமை. எல்லை ஒன்றும் இருக்கிறது. அறிவியல் தற்காலிகப் பணிச் சட்டப்படி பிஎச்டிக்குப் பிறகு பொதுவாக 6 ஆண்டு வரைதான் இப்படித் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்க முடியும்.

பிரிட்டனில் ஆட்சேர்ப்பு முறையே வேறு. ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யுகே தளத்தில் வரும் ஒவ்வொரு விளம்பரத்தோடும் தேவையான தகுதிகளின் பட்டியல் இருக்கும். தேர்வுக் குழு அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போட்டு நேர்காணலுக்கு ஆள் எடுக்கிறது. அமெரிக்கப் பேராசிரியருக்கு எழுதிய அதே கடிதத்தை இங்கே பதிவேற்றினால், எத்தனை நல்ல பேப்பர் இருந்தாலும் கழித்துவிடுவார்கள். பட்டியலின் வரிசையிலேயே, ஒவ்வொரு தகுதிக்கும் இரண்டு மூன்று வாக்கியத்தில் சான்று எழுதுங்கள். செலவில் கவனிக்க வேண்டியது சுகாதாரக் கட்டணம்: ஒரு பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முழு விசாக் காலத்துக்கும் முன்கூட்டியே. கணவன் மனைவி மூன்று ஆண்டுக்கு என்றால் 6,210 பவுண்டு, முதல் சம்பளம் வரும் முன்பே. இதைப் பல்கலைக்கழகம் திருப்பித் தருமா, தந்தால் துணைவருக்கும் சேர்த்தா என்று ஆஃபரை ஏற்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

சொந்த ஃபெல்லோஷிப்

இது கிடைத்தால் வேறெந்த வழியும் இதற்கு ஈடாகாது. ஆய்வுத் திட்டம் உங்கள் பெயரில், பேராசிரியரின் கிராண்ட் வற்றினாலும் உங்கள் சம்பளம் வற்றாது, அடுத்த வேலைக்கான சிவியிலும் தனியாகத் தெரியும். ஆனால் காத்திருப்பு நீளம், வாய்ப்பு குறைவு, ஒவ்வொன்றின் நிபந்தனையும் வெவ்வேறு.

மேரி க்யூரியை எடுத்துக்கொள்வோம். அழைப்பு ஏப்ரல் வாக்கில் திறந்து செப்டம்பரில் மூடும், முடிவு பிப்ரவரியில் வரும். சேர விரும்பும் லேபின் பேராசிரியரை ஜனவரி-பிப்ரவரியிலேயே அணுக வேண்டும். அப்படியானால் முதல் மின்னஞ்சலிலிருந்து முதல் சம்பளம் வரை ஒன்றேகால் முதல் ஒன்றரை ஆண்டு. 2024இல் 10,000 சொச்சமாக இருந்த விண்ணப்பங்கள் 2025இல் 17,000ஐத் தாண்டின, தேர்வானவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. திட்டப் பகுதிக்கு 10 பக்கம்தான், மிகுந்த பக்கத்தை மதிப்பீட்டாளர் பார்க்கவே மாட்டார். மதிப்பெண் பிரிவு: ஆய்வுத் தரம் 50 சதவீதம், தாக்கம் 30, செயல்படுத்தல் 20. நம் ஆட்கள் ஆய்வுத் தரத்தை இழைத்து இழைத்து எழுதிவிட்டு, மற்ற இரண்டையும் கடைசி வாரத்தில் பொத்தாம்பொதுவாக நிரப்புவதுதான் வழக்கமான தோல்விக் காரணம். இத்தனை நெருக்கமான போட்டியில் செயல்படுத்தல் பகுதியில் போகும் மூன்று நான்கு மதிப்பெண்ணே கோட்டுக்கு மேலா கீழா என்று தீர்த்துவிடும். எந்த மாதம் எந்த அளவீடு, கருவி கிடைக்காவிட்டால் மாற்று என்ன, உங்கள் பயிற்சியை எப்படிச் சோதிப்பார்கள் என்று அட்டவணையாகக் காட்டுங்கள். ஏற்கும் நிறுவனத்தின் ஐரோப்பிய நிதி அலுவலகத்திடம் முந்தைய ஆண்டுகளில் வென்ற மாதிரி விண்ணப்பம் இருக்கும். ஜூனிலேயே கேட்டு வாங்குங்கள்.

உதவித்தொகை பற்றிய தவறான புரிதல் ஒன்று. மேரி க்யூரி அறிவிப்பில் காணும் மாதம் 5,000 யூரோவுக்கு மேலான வாழ்க்கைப் படி, நிறுவனம் தரப்பில் ஆகும் மொத்தச் செலவு. நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசிக் குறியீட்டால் பெருக்கி, முதலாளியின் பங்கும் உங்கள் பங்கும் வரியும் கழிந்த பிறகுதான் கைக்கு வரும். பல நாடுகளில் அது பாதியை ஒட்டி நிற்கும். அந்த நிறுவனத்தின் பணியாளர் பிரிவிடம் 'கையில் எவ்வளவு' என்று ஒரு மாதிரிக் கணக்கு கேட்டு வாங்கிவிட்டு மற்ற ஆஃபரோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, முன்யோசனை இல்லாதவர்கள் சிக்கும் இடம் இது. மேரி க்யூரியில், அழைப்பு மூடும் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் சேரப்போகும் நாட்டில் இருந்திருந்தால் தகுதி கிடையாது. பேராசிரியரின் பணத்தில் 2026 மே மாதம் ஜெர்மனி போகும் ஒருவர், அதே செப்டம்பரில் ஜெர்மன் லேபோடு விண்ணப்பித்தால் செல்லும். 2027 செப்டம்பரில் என்றால் 16 மாதம் ஆகிவிட்டது, செல்லாது. எம்போவிலும் விண்ணப்பிக்கும்போது ஏற்கும் லேபில் 6 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. முதலில் போய்ச் சேருவோம், அங்கிருந்து நிதானமாக ஃபெல்லோஷிப் எழுதுவோம் என்ற திட்டம் இதனால்தான் பலருக்குக் கவிழ்கிறது.

ஹம்போல்ட்டில் பாட ஒதுக்கீடோ நாட்டு ஒதுக்கீடோ இல்லை, 6 முதல் 24 மாதம் வரை. இது ஸ்டைபெண்ட் (உதவித்தொகை), வேலை ஒப்பந்தம் அல்ல. எனவே கையில் வரும் தொகை நன்றாக இருந்தாலும் ஓய்வூதியம், வேலையில்லாக் காலப் பங்களிப்பு எதுவும் சேராது. ஒரு ஜெர்மன் லேப் ஹம்போல்ட்டும் ஈ13உம் இரண்டும் சாத்தியம் என்று சொன்னால், குழந்தை எதிர்பார்ப்பவர்களுக்கு ஈ13 நல்லது என்பது எங்கள் கருத்து. தனியாளாக, பெயருக்காகப் போவோருக்கு ஹம்போல்ட். எம்போ, எச்எஃப்எஸ்பி இரண்டும் உயிர் அறிவியலுக்கு. எச்எஃப்எஸ்பி 3 ஆண்டுக்கானது, ஆய்வுத் திசையை நிஜமாகவே மாற்றுபவரைத் தேடுகிறது. பிஎச்டியின் தொடர்ச்சியை எழுதினால் முதல் சுற்றிலேயே போய்விடும். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் மாதம் 3,62,000 யென், விமானச் சீட்டு, 12 முதல் 24 மாதம். விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, அங்குள்ள பேராசிரியர் தன் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கிறார். பல்கலைக்கழகத்தின் உள் கடைசி நாள் ஜேஎஸ்பிஎஸ் தேதிக்குச் சில வாரம் முன்பே வந்துவிடும் என்பதை அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல்

மூன்று வழிக்கும் முதல் படி பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்தான். 'உங்கள் புகழ்பெற்ற லேபில் காலியிடம் உள்ளதா' என்று நூறு பேருக்கு அனுப்பிய கடிதம் திறந்த மறு நொடி தெரிந்துவிடும். நான்கு பத்தி போதும்: நீங்கள் யார், எப்போது முடிக்கிறீர்கள்; பிஎச்டியில் கண்டது இரண்டு வாக்கியத்தில்; அவர் ஆய்வோடு உங்கள் திறன் எங்கே சேர்கிறது; எந்த ஃபெல்லோஷிப்புக்கு எந்த மாதம் சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறீர்கள். மூன்றாவது பத்திதான் உயிர். 'உங்கள் காந்தப்புல அளவீடுகள் 4 கெல்வினோடு நிற்கின்றன. அந்த மாற்றம் 1 கெல்வினுக்குக் கீழேதான் தெளிவாகும் என்று நினைக்கிறேன். நான் மூன்று ஆண்டாக 300 மில்லிகெல்வினில் ஹீலியம்-3 கிரையோஸ்டாட் இயக்குகிறேன்' என்ற அளவுக்குத் துல்லியமாக இருந்தால், பதில் வருமா என்ற கவலையே பாதி குறையும். சிவி இரண்டு பக்கம், பிடிஎஃப், கோப்புப் பெயரில் உங்கள் பெயர். பதில் இல்லையென்றால் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். உங்கள் கைடுக்கு அவரைத் தெரியும் என்றால் கைடே இரண்டு வரி எழுதுவது எல்லாவற்றையும்விட வலுவானது. தயங்காமல் கேளுங்கள்.

நேர்காணலுக்குப் பிறகு லேபின் இப்போதைய போஸ்ட்டாக் ஒருவரிடமும், சமீபத்தில் வெளியேறிய ஒருவரிடமும், பிஐ இல்லாமல், பேசுங்கள். கடைசியாகப் போன மூவர் இப்போது எங்கே, முதல் பேப்பர் வர எத்தனை ஆண்டு ஆனது, போகும்போது எந்த ஆய்வை எடுத்துச் செல்ல விட்டார்கள்? வெளியேறியவர் எவரையும் அறிமுகப்படுத்த மறுக்கும் லேபை விட்டுவிடலாம்.

யாருக்கு எது

திரும்பி வந்து இந்தியாவில் ஆசிரியப் பணி வேண்டுமென்றால் ஆண்டுக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஐஐடி, ஐசர் முதல் நிலை உதவிப் பேராசிரியருக்குப் பிஎச்டிக்குப் பின் 3 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியின் ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப்புக்கும் குறைந்தது 3 ஆண்டு போஸ்ட்டாக் தேவை. மத்திய அறிவியல் துறையின் இன்ஸ்பயர் ஃபேக்கல்டி ஃபெல்லோஷிப்புக்குப் பொதுப் பிரிவில் 32 வயது வரம்பு. 24 மாத ஃபெல்லோஷிப்போடு நிறுத்தினால் ஓராண்டு குறைபடும். இரண்டாண்டு ஆஃபரை ஏற்கும்போதே மூன்றாம் ஆண்டுக்கு யார் பணம் என்று பேசி வையுங்கள்.

வைவாவுக்கு ஓராண்டு இருக்கிறது, வீட்டில் உடனடிப் பண நெருக்கடி இல்லை என்றால் இரண்டு ஃபெல்லோஷிப்பாவது எழுதுங்கள், அதே லேபிடம் கிராண்ட் இடமும் பேசி வையுங்கள். ஃபெல்லோஷிப் வராவிட்டால் கிராண்டில் போகலாம், நேரம் வீணாகாது. வைவா முடிந்து ஸ்டைபெண்ட் நின்றுவிட்டவர், கல்விக் கடனோ தங்கையின் படிப்போ தோளில் இருப்பவர், நீண்ட கிராண்ட் உள்ள நல்ல லேபிலோ ஜெர்மன் ஒப்பந்தத்திலோ சேர்ந்துவிடலாம். அது எந்த வகையிலும் தாழ்ந்த வழி அல்ல. கிராண்டில் அமெரிக்கா போன பிறகும் கே99 (போஸ்ட்டாக்கிலிருந்து ஆசிரியப் பணிக்கு மாற என்ஐஎச் தரும் நிதி) விண்ணப்பம் குடியுரிமை இல்லாதவருக்கும் திறந்திருக்கிறது, போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டும் முன் எழுத வேண்டும். துணைவரும் வேலை பார்ப்பவர் என்றால் ஜெர்மனி, பிரிட்டன் எளிது. அமெரிக்காவில் துணைவருக்கான ஜே-2 விசாவில் போய்ச் சேர்ந்த பிறகு வேலை அனுமதிக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் சார்ந்திருப்போர் விசாவில் அனுமதி பெற்றும் வாரம் 28 மணி நேரம்தான்.

பெங்களூரிலிருந்து கிளம்பும்போது காகிதங்களில் ஒரு வரிசை பாருங்கள். அமெரிக்க விசா நேர்காணல் இங்கே இல்லை, சென்னையோ ஹைதராபாத்தோ போக வேண்டும். ஆய்வு உணர்திறன் மிக்க துறையில் இருந்தால் கூடுதல் சோதனைக்கு நிறுத்தி வைப்பார்கள் என்று எண்ணி, சிவி, பேப்பர் பட்டியல், ஒரு பக்க ஆய்வு விளக்கம், பேராசிரியரின் கடிதம் நான்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பெங்களூரிலேயே துணைத் தூதரகம் உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி, சேலம் முகவரி உள்ளவர்கள் கர்நாடகத்தில் வசிப்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும். தீசிஸ் சமர்ப்பித்து ஹாஸ்டலைக் காலி செய்த பிறகு அந்தச் சான்று கைவிட்டுப் போகும், எனவே நிறுவனத்தின் போனஃபைட் சான்றிதழை அறை ஒப்படைக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வரத் தாமதமானால், வைவா வெற்றிகரமாக முடிந்த தேதியைக் குறிப்பிட்டு பதிவாளர் அலுவலகக் கடிதம் கேளுங்கள். மேரி க்யூரியில் கடைசி நாளுக்கு முன் வைவா வெற்றிகரமாக முடிந்திருந்தால் போதும், பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டியதில்லை.